பழைய கார் மக்கர் செய்கிறதா?



பயிரில் பூச்சி விழுந்தால் என்ன மருந்து, இலை பழுத்தால் என்ன உரம் என்று பேசுகிற ஆள், இன்றைக்குக் காரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். "இவருக்கு எதுக்குங்க இந்த வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது.

இன்று கிராமத்தில் பல வீடுகளில் கைமாறி வந்த பழைய கார் ஒன்று நிற்கிறது. அது பவிசுக்கு வாங்கியதல்ல. பூ மூட்டை, காய்கறிக் கூடை, பால் கேன், உர மூட்டை எல்லாம் அதில்தான் போகின்றன. ராத்திரி நேரத்தில் ஒருவருக்கு நெஞ்சு வலி என்றாலும் அந்தக் கார்தான். அப்படிப்பட்ட வண்டி ஒரு நேரம் கிளம்பும், ஒரு நேரம் கிளம்பாது என்றால் அதை நம்பி எதையும் செய்ய முடியாது. அடியோடு கெட்டுப்போன வண்டியைக்கூடச் சமாளித்துவிடலாம். வேறு ஏற்பாடு செய்துகொள்வோம். கிளம்பினாலும் கிளம்பும் என்கிற வண்டிதான் ஆளை நட்டாற்றில் விடும்.

சென்ற வருடம் நிலக்கோட்டைப் பக்கம் ஒரு மல்லிகைத் தோட்டத்துக்கு மொட்டுப்புழு பார்க்கப் போயிருந்தேன். திண்ணையில் அந்த வீட்டுப் பையன் காலில் மாவுக்கட்டுடன் உட்கார்ந்திருந்தான்.

"என்னப்பா ஆச்சு?" என்றேன்.

"கார் இடிச்சிருச்சு சார்."

"யாரு கார்?"

"எங்க கார்தான் சார்."

"ஓட்டினது யாரு?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பாதான் பதில் சொன்னார். "யாருமே ஓட்டலை சார். வண்டிக்குள்ள ஆளே கிடையாது."

விஷயம் இதுதான். அது பழைய டீசல் கார். விடியற்காலையில் மொட்டுப் பறித்து மூட்டை கட்டி, வெயில் ஏறுமுன் மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். மொட்டு விரிந்துவிட்டால் விலை போய்விடும். அந்தக் கார் மூன்று மாதமாக மக்கர் செய்திருக்கிறது. முதலில் பேட்டரி போனது என்று 6,000 ரூபாய்க்கு மேல் கொடுத்துப் புது பேட்டரி போட்டார். நான்கு நாள் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். அடுத்து செல்ஃப் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினார்கள். ஒரு வாரம் ஓடியது. பிறகு சொலினாய்டு, அதற்கும் பிறகு சாவி போடுகிற சுவிட்ச். மொத்தம் 14,000 ரூபாய் வரை போய்விட்டது. கடைசியில், மார்க்கெட்டில் எவரோ காட்டிக் கொடுத்தபடி, பையன் பானெட்டைத் திறந்து, நீளத் திருப்புளியை சொலினாய்டின் குறுக்கே வைத்தான். சாவி ஆனில் இருந்தது. வண்டியைச் சரிவில் நிறுத்தியிருந்ததால் முதல் கியரும் விழுந்திருந்தது. இன்ஜின் பிடித்துக்கொண்டது. பையனையும் தள்ளிக்கொண்டு போய்க் கிணற்றுச் சுவரில் முட்டி நின்றது.

கால் எலும்பு முறிவோடு போயிற்று. கிணற்றுச் சுவர் மட்டும் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

உழவர் பெருமக்களே, நம் வயலில் இலை மஞ்சளாகிறது என்று ஒருவர் வந்து சொன்னால் நான் உடனே யூரியா போடச் சொல்ல மாட்டேன். "அடி இலை மஞ்சளா, நுனி இலை மஞ்சளா?" என்று கேட்பேன். அடி இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று பார்க்க வேண்டும். நுனிக் குருத்து வெளுத்தால் இரும்புச்சத்தைச் சந்தேகிக்க வேண்டும். தண்ணீர் தேங்கி வேர் அழுகினாலும் இலை மஞ்சளாகும். எங்கே தொடங்கியது, எப்போது தொடங்கியது என்று கேட்காமல் மூட்டையைப் பிரித்தால் பணமும் போகும், பயிரும் தேறாது. காருக்கும் இதே கணக்குதான். சாமானை மாற்றுவதற்கு முன்னால் இரண்டு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். கிளம்பாதபோது வண்டி என்ன செய்கிறது? எந்த நேரத்தில் அப்படிச் செய்கிறது?

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். "ஸ்டார்ட் ஆகலை" என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் மூன்று விதம் உண்டு.

ஒன்று, சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றவே இல்லை. சத்தமே வராது, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். இரண்டு, செல்ஃப் இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றுகிறது. மூன்று, செல்ஃப் ஜோராகச் சுற்றுகிறது, ஆனால் இன்ஜின் பிடிக்கவில்லை. முதல் இரண்டும் கரண்ட் சம்பந்தப்பட்டவை. மூன்றாவது எரிபொருள் அல்லது நெருப்புப்பொறி சம்பந்தப்பட்டது. இதைப் பிரித்துச் சொன்னாலே மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்தது.

முதல் இரண்டு விதத்துக்கும் காசு செலவில்லாத சோதனை ஒன்று சொல்கிறேன். வண்டி மக்கர் செய்கிற அதே நேரத்தில் முன் விளக்கைப் போடுங்கள். சுவருக்கு எதிரே நிறுத்தினால் பகலிலும் வெளிச்சம் தெரியும். இப்போது சாவியைத் திருப்புங்கள்.

விளக்கு மிகவும் மங்கி, செல்ஃப் இழுவையாகச் சுற்றினால் பேட்டரி பலவீனம், அல்லது செல்ஃப் மோட்டார் உள்ளே இறுகுகிறது. விளக்கு அடியோடு அணைந்துவிட்டால் பேட்டரி டெர்மினல் லூசாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். விளக்கு கொஞ்சமும் மங்காமல் பளிச்சென்று எரிந்து, செல்ஃப் மட்டும் சுற்றவில்லையா? அப்படியானால் பேட்டரியில் சரக்கு இருக்கிறது, அது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். வாய்க்காலில் தண்ணீர் இருந்தும் மடை அடைத்துக்கொண்ட மாதிரி. இந்த நிலையில் புது பேட்டரி வாங்குவது வீண் செலவு.

இரண்டாவது கேள்வி, எப்போது? இதற்கு ஒரு சின்ன நோட்டு போதும். பால் கணக்கு எழுதுகிற மாதிரி எழுதிவையுங்கள். காலையில் குளிர்ந்திருக்கும்போதா, ஓடிச் சூடான பிறகா? மழை பெய்த மறுநாளா? நாலு நாள் சும்மா நின்ற பிறகா? பத்து தடவை எழுதினால் ஒரு வழக்கம் தெரிந்துவிடும்.

சும்மா நின்ற பிறகு மட்டும் கிளம்பவில்லை என்றால், நிற்கும்போது எங்கோ கரண்ட் கசிகிறது, அல்லது பேட்டரி சார்ஜைத் தாங்கவில்லை. கசிவு அரை ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரத்தில் 12 ஆம்பியர்-மணி போய்விடும். 60 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டரை நாளில் பாதி காலியாகிவிடும். பாட்டுப் பெட்டி, டிக்கி விளக்கு, பிற்பாடு பொருத்திய சாமான்கள் இவற்றைச் சோதிக்க வேண்டும். மழை நாளில் மட்டும் என்றால் ஈரம் ஏறுகிற வயர், பெட்ரோல் வண்டியானால் பிளக் வயரும் டெல்கோ மூடியும். சூடான பிறகு மட்டும் என்றால் அது வேறு வகை. அதற்கு இப்போது வருகிறேன்.

அந்தத் தோட்டத்து வீட்டில் நான் இந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர், "அதெல்லாம் கணக்கே இல்லைங்க சார். அது நினைச்சா கிளம்பும்" என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவிதான் குரல் கொடுத்தார். "கணக்கு இருக்குங்க சார். காலையில வீட்ல இருந்து எடுக்கும்போது ஒரு நாளும் தொந்தரவு பண்ணினதில்லை. மார்க்கெட்டுல பூவை இறக்கிட்டுத் திரும்ப எடுக்கும்போதுதான். அப்பவும் 'டக்'குன்னு ஒரே ஒரு சத்தம். அரை மணி நேரம் ஆற விட்டா தானா எடுத்துக்கும்."

தினமும் மூட்டைகளோடு பின் சீட்டில் போய் வந்தவர் அவர். மூன்று மாதமாக அவரிடம் யாரும் கேட்கவே இல்லை. அந்தப் பதிலிலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. செல்ஃப் சுற்றவில்லை. சூட்டில் மட்டும் நடக்கிறது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போடுவோம். டீசல் காரின் செல்ஃப் மோட்டார் சுற்றும்போது சுமார் 200 ஆம்பியர் கரண்ட் இழுக்கும். அவ்வளவும் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து தடித்த கேபிள் வழியாக மோட்டாருக்குப் போய், இன்ஜின் இரும்பு வழியாக எர்த் கேபிளில் திரும்பி பேட்டரிக்கு வர வேண்டும். போகிற வழி மாதிரியே வருகிற வழியும் முக்கியம். அந்த வழியில் எங்காவது துருப்பிடித்து ஓம் கணக்கில் நூறில் ஒரு பங்கு தடை ஏற்பட்டால் போதும், 200 ஆம்பியரில் 2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும். விளக்குக்குச் சில ஆம்பியர்தான் தேவை என்பதால் அது நன்றாகவே எரியும், நம்மை ஏமாற்றிவிடும். செம்பு சூடாகும்போது அதன் தடை ஒவ்வொரு டிகிரி செல்சியசுக்கும் 0.4 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. துருப்பிடித்த போல்ட்டும் சூட்டில் விரிந்து பிடியை விடுகிறது. ஆகவே காலையில் தப்பித்துக்கொள்கிற கோளாறு, இன்ஜின் சூடானதும் தலைகாட்டும்.

சில நூறு ரூபாய்க்கு மல்டிமீட்டர் கிடைக்கிறது. ஊருக்கு ஒன்று இருந்தாலும் போதும். டிசி வோல்ட்டில் 20 என்ற இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் காலி என்றே வைத்துக்கொள்ளலாம். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகியுங்கள். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை.

அடுத்தது முக்கியமான சோதனை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ் ஈயக் குமிழியிலேயே வையுங்கள். மறு முனையை இன்ஜினின் சுத்தமான இரும்புப் பகுதியில் வையுங்கள். இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டபடி இருக்க வேண்டும். 0.2, 0.3 வோல்ட் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டுக்கு மேல் போனால் வருகிற வழியில் அடைப்பு இருக்கிறது. இதே மாதிரி பாசிட்டிவ் குமிழிக்கும் செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். அங்கேயும் அரை வோல்ட்டுக்கு மேல் கூடாது.

நாங்கள் அந்தக் காரை மார்க்கெட் வரை ஓட்டிப்போய்ச் சூடாக்கி நிறுத்தினோம். எதிர்பார்த்தபடியே 'டக்' என்றது. விளக்கு பளிச்சென்று எரிந்தது. பேட்டரியில் 12 வோல்ட்டுக்குக் குறையவில்லை. எர்த் பக்கம் மீட்டரை வைத்தால் 6 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. ஒரு ஜம்பர் கேபிளை வாங்கி, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் மாட்டினோம். சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. மீட்டர் இல்லாதவர்கள் இந்த ஜம்பர் கேபிள் சோதனையை மட்டும் செய்தாலே போதும்.

கீழே குனிந்து பார்த்தோம். இன்ஜினிலிருந்து சேஸிசுக்குப் போகிற பின்னல் பட்டை, போல்ட் இருக்கும் இடத்தில் துருவேறி, பாதி இழைகள் அறுந்து கிடந்தது. இன்னொன்றும் கண்ணில் பட்டது. ஆக்ஸிலேட்டர் கேபிளின் பிளாஸ்டிக் உறை இளகிப் போயிருந்தது. எர்த் வழி அடைபட்டதால் கரண்ட் அந்தச் சன்னக் கம்பி வழியாகத் திரும்பப் பார்த்திருக்கிறது. இன்னும் சில நாள் விட்டிருந்தால் தீப்பிடிக்கவும் வாய்ப்பு இருந்தது.

பட்டையின் விலை சில நூறு ரூபாய்தான். பெயிண்டையும் துருவையும் சுரண்டிவிட்டு, இரும்பு பளபளவென்று தெரிய வைத்துப் புதுப் பட்டையை இறுக்கினோம். பேட்டரி மாற்றியபோதும், மோட்டாரைக் கழற்றியபோதும் சில நாள் ஏன் நன்றாக ஓடியது என்று கேட்பீர்கள். ஒவ்வொரு முறையும் கை பட்டதில் அந்தப் பட்டை சற்று அசைந்து பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான். பையன் திருப்புளி வைத்த அன்றைக்கும் அதே கதை. இன்ஜின் மேல் அவன் சாய்ந்ததில்தான் எர்த் பிடித்திருக்கிறது. கோளாறு திருப்புளி வைத்த இடத்திலேயே இல்லை.

ஆகவே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். காரோ, டிராக்டரோ, வெளியே நின்றுகொண்டு திருப்புளி வைத்து செல்ஃபை ஷார்ட் செய்து கிளப்பாதீர்கள். கியரில் இருந்தால் அது உங்கள் மேல்தான் வரும். டிராக்டரில் இப்படிச் செய்து சக்கரத்தின் கீழ் உயிரை விட்டவர்கள் பல நாட்டிலும் உண்டு. பல டிராக்டர்களில் கிளட்சை மிதித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும்படி ஒரு பாதுகாப்பு சுவிட்ச் வைத்திருப்பதும் இதற்காகத்தான். அந்த சுவிட்ச் மக்கர் செய்தால் அதை மாற்றுங்கள், அதைத் தாண்டி வயர் கொடுக்காதீர்கள்.

இனி மூன்றாவது விதம். செல்ஃப் ஜோராகச் சுற்றியும் இன்ஜின் பிடிக்காதது. டீசல் வண்டியானால் டீசல் லைனில் காற்று ஏறியிருக்கிறதா, ஃபில்டரில் தண்ணீர் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்த காலையில் மட்டும் தகராறு என்றால் ஹீட்டர் பிளக். சாவியைத் திருப்பியதும் டீசலைத் திறந்துவிடுகிற சிறிய சொலினாய்டு ஒன்று பம்பில் இருக்கும் வண்டிகளும் உண்டு. அதன் வயர் லூசானாலும் இப்படித்தான் செய்யும்.

பெட்ரோல் வண்டியானால் பொறி வருகிறதா, பெட்ரோல் வருகிறதா என்று இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும். டெல்கோவில் பாயிண்ட் வைத்த மிகப் பழைய வண்டிகளில் பாயிண்ட் தேய்ந்திருக்கலாம், கண்டென்சர் போயிருக்கலாம். சூடானால் பொறி நின்று, ஆறினால் வருகிறது என்றால் காயில் மேல் சந்தேகம் கொள்ளுங்கள். கார்பரேட்டர் வண்டி கடும் வெயிலில் நிறுத்தி எடுக்கும்போது மட்டும் மக்கர் செய்தால், குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்திருக்கும். ஆறவிட்டால் சரியாகும். கார்பரேட்டர் இல்லாத பிற்கால வண்டிகளில், சாவியை ஆன் செய்ததும் டேங்க் பக்கம் இரண்டு விநாடி 'ஊம்' என்ற பம்ப் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுங்கள். கேட்காவிட்டால் பம்பும் அதன் ரிலேயும். பம்ப் சத்தம் இருந்தும் சூட்டில் மட்டும் பிடிக்காவிட்டால் கிராங்க் சென்சாரைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

சில ஜாக்கிரதைகளையும் சொல்லிவிடுகிறேன். செல்ஃபைத் தொடர்ந்து பத்து விநாடிக்கு மேல் சுற்றாதீர்கள், அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது இடைவெளி விடுங்கள். பேட்டரி அருகில் பீடி, தீக்குச்சி வேண்டாம். அதிலிருந்து வருகிற வாயு வெடிக்கக் கூடியது. டெர்மினலைக் கழற்றும்போது எர்த் பக்கத்தை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். டெர்மினலில் பூத்திருக்கும் பச்சை, வெள்ளைப் பொடியை ஆப்பசோடா கரைத்த வெந்நீரால் கழுவலாம். அந்தத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. காய்ந்த பிறகு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் பாதிக் கோளாறு வராது.

சுருக்கமாகச் சொன்னால், வண்டி மக்கர் செய்யும்போது உடனே கடைக்கு ஓடாதீர்கள். செல்ஃப் சுற்றுகிறதா என்று கேளுங்கள். விளக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த நேரத்தில் என்று நோட்டில் எழுதுங்கள். வண்டியில் கூட வருகிறவர்களிடமும் கேளுங்கள். கோளாறு இருக்கிற நேரத்திலேயே அளந்து பாருங்கள். நன்றாக ஓடுகிற வண்டியை ஷெட்டில் விட்டால் மெக்கானிக் எதைக் கண்டுபிடிப்பார்? ஊகம்தான் செய்ய முடியும். அந்த ஊகத்துக்குச் சாமான் விலை கொடுப்பது நாம்தான்.

அந்தப் பையனுக்கு இப்போது கால் கூடிவிட்டது. காலையில் பூ மூட்டையோடு அவன்தான் வண்டி எடுத்துப் போகிறான். அவன் அம்மா பழைய காலண்டர் ஒன்றைக் காரிலேயே வைத்திருக்கிறார். வண்டி என்றைக்கு என்ன சத்தம் போட்டாலும் அந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவிடுகிறார். புதுப் பட்டை போட்ட பிறகு 'டக்' என்ற சத்தம் ஒரு கட்டத்திலும் ஏறவில்லை என்று சென்ற வாரம் சொன்னார்.

உங்கள் வண்டியிலும் ஒரு நோட்டும் பென்சிலும் போட்டு வையுங்கள்.